நாற்பது பொத்தான்

“எல்லாரும் வாங்கிக்கிறாங்க. யாருமே பேச மாட்டேங்கிறாங்க.”

உமையாள் இதைச் சொன்னபோது அவர் மடியில் ஒரு பெட்டி இருந்தது. சிலேட்டு அளவு. நீல நிறம். மேலே நாற்பது பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். அழுத்தினால் பெட்டி பேசும்.

எதிரே சக்கர நாற்காலியில் இருந்தவர் சவரிமுத்து.

பிறந்ததிலிருந்தே அவருக்குப் பேச்சு வராது. கையும் காலும் அவர் நினைத்த பக்கம் போகாது. இடது கையின் விரல் முட்டி மட்டும் கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்கும். வயது முப்பத்து நான்கு. ஏழு வருடங்களாக ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைத்துத் தருகிறார்.

உமையாளுக்கு ஐம்பத்தொன்று. கோயம்புத்தூரில் பம்பு மோட்டார் வடிவமைத்துக்கொண்டிருந்தவர். நான்கு வருடங்களுக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு, வாய் பேச முடியாதவர்களுக்காக இந்தப் பெட்டியைச் செய்ய ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், மோட்டார் அலுத்துவிட்டது என்பார்.

இதுவரை அறுபது பெட்டிகள் செய்து கொடுத்தாயிற்று. வாங்கியவர்கள் முதல் வாரம் அழுத்திப் பார்த்தார்கள். அப்புறம் அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

அடுத்து நானூறு பெட்டிகள். திங்கட்கிழமை பட்டறையில் அச்சு வெட்டக் கொடுக்க வேண்டும். வெட்டிவிட்டால் பொத்தானையும் படத்தையும் மாற்ற முடியாது.

அன்று புதன்கிழமை.

“திண்டுக்கல்ல சவரிமுத்துன்னு ஒருத்தர் இருக்கார், போய்ப் பாருங்க” என்று ஒரு மருத்துவர்தான் சொல்லி அனுப்பியிருந்தார். “ஆனா அவர் லேசுல பதில் சொல்ல மாட்டார்.”

சவரிமுத்துவின் மடியில் ஒரு மரப்பலகை இருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பதினெட்டு மெய்யெழுத்து. மேலே வரிசையாகப் பன்னிரண்டு உயிரெழுத்து. ‘க்’கைத் தொட்டு ‘ஆ’வைத் தொட்டால் ‘கா’. முட்டியால் அவர் தொடத் தொட, பக்கத்தில் நின்று அவர் மனைவி ஜெசிந்தா வாசித்துச் சொல்வார். வீட்டின் முன்பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. கடையும் ஜெசிந்தாவுடையதுதான்.

சவரிமுத்து பெட்டியைப் பார்த்தார். பிறகு பலகையில் தட்டினார்.

“ஒரு நாள்” என்று வாசித்தார் ஜெசிந்தா. “இன்னைக்கு ஒரு நாள் பெட்டி அவர்கிட்ட இருக்கட்டுமாம்.”

இன்னும் கொஞ்சம் தட்டினார்.

ஜெசிந்தா புருவத்தைச் சுருக்கினார். “பலகையை உள்ள வைக்கவா? எதுக்குங்க?”

அவர் மறுபடியும் அதையே தட்டினார். ஜெசிந்தா பலகையை எடுத்துக்கொண்டு போனார். கடையில் யாரோ கூப்பிட்டார்கள். அப்படியே அங்கே போய்விட்டார்.

உமையாள் பெட்டியைச் சவரிமுத்துவின் மடியில் வைத்தார். நோட்டைத் திறந்தார்.

“சொல்லுங்க சார். இதுல என்ன குறை?”

முட்டி மெல்ல நகர்ந்தது. ஒரு பொத்தானில் விழுந்தது.

“எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்றது பெட்டி.

செய்தி வாசிப்பது போன்ற ஒரு பெண் குரல். உமையாள் தேடிப் பிடித்துப் பதிவு செய்த குரல் அது. இனிமையாக இருக்கும்.

உமையாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்தார்.

“என்ன குறை சார்?”

“நன்றி.”

“இல்ல, பெட்டியில என்ன குறைன்னு கேட்டேன்.”

“எனக்குத் தண்ணீர் வேண்டும்.”

மறுபடியும் கொண்டுவந்தார். இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கவில்லை.

உமையாள் யோசித்தார். கேள்வியை மாற்றினார்.

“சத்தம் பத்தலையா?”

“இல்லை.”

“பொத்தான் சின்னதா இருக்கா?”

“இல்லை.”

“படம் புரியலையா?”

“இல்லை.”

உமையாளுக்குத் தோன்றியதையெல்லாம் கேட்டார். எடை, நிறம், சார்ஜ் நிற்கும் நேரம், பிடிக்க வாகாக இருக்கிறதா. பதினான்கு ‘இல்லை’ நோட்டில் சேர்ந்தது.

“அப்ப என்னதான் சார்?”

சவரிமுத்து நாற்பது பொத்தான்களையும் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். நிதானமாக, கடையில் சட்டை தேடுகிறவரைப் போல. கடைசி வரிசைவரை போய்விட்டு மறுபடியும் மேலே வந்தார்.

“எனக்குப் பசிக்கிறது” என்றது பெட்டி.

மேசைமேல் இருந்த கைபேசி அடித்தது.

சவரிமுத்து கண்ணால் காட்டினார். உமையாள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“சவரி சார், நான் பத்திரிகை ஆபீஸ்லேருந்து. இந்த வாரப் புதிர்ல இடமிருந்து வலம் பதினேழு. நாலெழுத்துன்னு போட்டிருக்கீங்க. கட்டம் மூணுதான் இருக்கு. விடை என்ன சார்? பன்னிரண்டு மணிக்குப் பக்கம் முடிக்கணும்.”

மணி பதினொன்று ஐம்பது.

முட்டி நகர்ந்தது.

“நான் நன்றாக இருக்கிறேன்” என்றது பெட்டி.

“ஹலோ? யாருங்க மேடம்? ராங் நம்பரா?”

“எனக்குத் தலை வலிக்கிறது.”

“ஹலோ?”

உமையாள் பதறிப் போனார். “நான் போய் உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரேன்” என்று எழுந்தார்.

சவரிமுத்து தலையை அசைத்தார். வேண்டாம் என்று. அவருக்கு அது சுலபமான காரியம் இல்லை. தோள், கழுத்து எல்லாம் சேர்ந்து இழுத்தன. அப்படியும் இரண்டு தடவை அசைத்தார்.

“ஒரு நிமிஷம் சார்” என்று கைபேசியிடம் சொல்ல உமையாள் வாயெடுத்தார். சவரிமுத்து அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

மறுமுனையில் இருந்தவர் இன்னும் இரண்டு ‘ஹலோ’ சொன்னார். பிறகு வைத்துவிட்டார்.

முன்பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?”

சவரிமுத்து முட்டியால் பெட்டியைத் தள்ளினார். அது அவர் மடியிலிருந்து சரிந்து உமையாளின் கைக்கு வந்தது.

உமையாள் பெட்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“நானா?”

சவரிமுத்து கண்ணை மூடித் திறந்தார்.

உமையாள் நோட்டை மூடிவைத்தார். உதட்டையும் மூடிக்கொண்டார். இனி தானும் இந்தப் பெட்டி வழியாகத்தான் பேச வேண்டும்.

அவருக்கு ஆர்வமாகக்கூட இருந்தது. நான்கு வருடங்கள் இதோடு வாழ்ந்திருக்கிறார். தூக்கத்தில் கேட்டாலும் எந்தப் படம் எங்கே என்று சொல்வார். ஆனால் ஒரு நாள்கூட இதை வைத்து யாரிடமும் பேசியதில்லை.

முதலில் ‘ஏன்’ என்று கேட்க நினைத்தார்.

மேல் வரிசை: தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, தூக்கம். அடுத்தது: வலி, காய்ச்சல், தலை, வயிறு. அடுத்தது: மகிழ்ச்சி, வருத்தம், பயம். அதற்கும் கீழே: அம்மா, அப்பா, வீடு, பள்ளி. நன்றி. வணக்கம்.

விரல் காற்றில் நின்றது.

‘ஏன்’ வேண்டாம், வேறு எதையாவது கேட்போம் என்று நினைத்தார். விரல் மறுபடியும் காற்றில் நின்றது.

ஒரு மணிக்கு ஜெசிந்தா தட்டோடு வந்தார். ரசம் சோற்றைப் பிசைந்து கணவருக்கு ஊட்டினார்.

“என்ன மேடம், வாயே திறக்காம இருக்கீங்க?”

உமையாள் பொத்தானை அழுத்தினார். “எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.”

ஜெசிந்தா சிரித்துவிட்டார். “உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே.”

சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு ஜெசிந்தா மேசைமேல் இருந்த கைபேசியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“என்னங்க இது? இந்த வாரம் புதிர் வராதாம். போன்ல யாரும் பதில் சொல்லலையாம். வேற ஒருத்தரோடதைப் போட்டுட்டாங்களாம்.”

சவரிமுத்து பெட்டியைப் பார்த்தார்.

“ஏழு வருஷத்துல ஒரு வாரம் நின்னதில்ல. எனக்குப் பேறுகாலம் ஆன அன்னைக்குக்கூட அனுப்பிச்சோம். ஒரு குரல் கொடுக்கச் சொல்லியிருந்தா வந்திருப்பேனே.” பிறகு உமையாள் பக்கம் திரும்பினார். “நீங்க நாளைக்கு ஊருக்குப் போயிடுவீங்க மேடம். அடுத்த வாரமும் அந்த ஆளோடதையே போட்டுட்டா நாங்க என்ன பண்றது?”

உமையாள் மன்னிப்புக் கேட்க நினைத்தார். பெட்டியில் மன்னிப்பு இல்லை. பக்கத்தில் இருந்ததை அழுத்தினார்.

“எனக்கு வருத்தமாக இருக்கிறது” என்றது செய்தி வாசிக்கும் குரல்.

“எனக்கும்தான்” என்றார் ஜெசிந்தா.

நான் பத்திரிகைக்குப் பேசட்டுமா என்று கேட்க வேண்டும். விடை இப்போது அனுப்பினால் சேர்ப்பார்களா என்று கேட்க வேண்டும். என்மேல் கோபமா என்றாவது கேட்க வேண்டும். உமையாளின் விரல் இங்கும் அங்கும் போனது. பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார். ஒவ்வொரு பொத்தானாக, மனத்துக்குள் சொல்லிக்கொண்டே எண்ணினார்.

நாற்பதையும் எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தார். இவ்வளவு நேரம் மூடியிருந்த வாய் தானாகவே திறந்தது.

“இதுல ஒரு கேள்விகூட இல்ல.”

சவரிமுத்துவின் முகத்தில் சிரிப்பு வந்தது. அது வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வந்தபின் முகம் முழுவதும் இருந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். ஜெசிந்தா இன்னும் கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் உள்ளே போய்ப் பலகையை எடுத்துவந்து மடியில் வைத்தார்.

உமையாள் அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டார். ஏன், எங்கே, எப்போது, எப்படி என்று எழுதிக்கொண்டே போனார். “எட்டுப் பொத்தான் போதும் சார். மேல் வரிசையைக் கொஞ்சம் மாத்தினா இடம் கிடைச்சிடும்…”

சவரிமுத்து பலகையை ஓங்கித் தட்டினார். உமையாள் நிறுத்தினார்.

எ. ழு. தா. தீ. ங். க.

“எழுதாதீங்க” என்றார் ஜெசிந்தா.

இன்னொரு சொல்.

“மற… மறந்துடுங்கன்னா?”

மறுபடியும் ஓங்கி ஒரு தட்டு. ஜெசிந்தா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். “பாதியில நானா முடிச்சா அவருக்குப் பிடிக்காது” என்று உமையாளிடம் மெதுவாகச் சொன்னார்.

“மறைச்சிடுங்க.” முழுவதும் வந்தபின் வாசித்தார். “எல்லாத்தையும்.”

கடையில் வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது. உமையாள் வெட்டி வெட்டி ஒட்டினார். தண்ணீர் மறைந்தது. வலி மறைந்தது. நன்றி மறைந்தது. முடிந்தபோது அது நாற்பது வெள்ளைக் கட்டமாக இருந்தது.

“சரி. இப்ப?”

“எடுத்துட்டுப் போங்க.”

“வெறும் பெட்டியையா? இது எதுக்குன்னு கேட்பாங்களே சார்.”

சவரிமுத்து அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஜெசிந்தா காத்திருந்தார். உமையாளும் காத்திருந்தார்.

“நீங்களும் கேளுங்க.”

அதற்குமேல் அவர் தட்டவில்லை.

கிளம்பும்போது உமையாள் ஜெசிந்தாவிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். ஜெராக்ஸ் மெஷினுக்காக வைத்திருந்ததைக் கொடுத்தார். பெட்டியின் உள்ளே குரலை அழித்துப் பதிவு செய்யும் ஒரு விசை இருந்தது. உமையாள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விசை. பின் மூடியைக் கழற்றி அதை வெளியே தெரியும்படி விட்டார். பத்திரிகை ஆபீஸின் எண்ணை வாங்கி, நடந்ததற்குத் தானே காரணம் என்று அங்கேயே நின்று பேசினார். அடுத்த வாரம் சவரிமுத்துவின் புதிர் வரும் என்றார்கள். பதினேழாவது விடையை மட்டும் திருத்தி அனுப்பச் சொன்னார்கள்.

ஜெசிந்தா பஸ் ஸ்டாப் வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் ஒட்டன்சத்திரத்தில் இறங்கினார் உமையாள்.

அங்கே மயில்சாமி இருந்தார். முப்பது வருடம் பஸ் கண்டக்டர். ஒன்பது மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இடது கையால் கோணல்மாணலாக எழுதுவார். அவர் மனைவி பாக்கியம், உமையாள் கொடுத்த பெட்டியைத் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

உமையாள் வெள்ளைப் பெட்டியை அவர்முன் வைத்தார்.

“இதுல முதல்ல என்ன பேச்சு இருக்கணுங்க?”

மயில்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். எழுதினார்.

பாக்கியம் எட்டிப் பார்த்தார். “சீ, என்னங்க இது. ஒரு பொம்பளை முன்னாடி.”

அது ஒரு கெட்ட வார்த்தை. நெரிசல் பஸ்ஸில், படிக்கட்டில் தொங்குகிறவனைப் பார்த்துச் சொல்வது.

மயில்சாமி அந்தத் தாளை உமையாள் பக்கம் நகர்த்தி, விரலால் இரண்டு தடவை தட்டினார்.

உமையாள் பதிவு செய்தார். மயில்சாமியின் மகன் வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்றுகொண்டு, அதைச் சொல்லிக் கொடுத்தான். மயில்சாமி பொத்தானை அழுத்தினார். கேட்டார். மறுபடியும் அழுத்தினார். வயிறு குலுங்கச் சிரித்தார். ஒன்பது மாதத்தில் அவர் சிரித்ததே இல்லை என்றார் பாக்கியம். சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அடுத்ததுங்க?”

இந்தத் தடவை பென்சில் உடனே நகரவில்லை. உமையாள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயில்சாமி எழுதினார். ஐந்து எழுத்துதான்.

‘பாக்கியம்’.

பாக்கியம் எழுந்து அடுப்படிக்குள் போனார்.

“யார் குரல்ல பதியலாம்?” என்று கடைசியில் உமையாள் கேட்டார்.

மகன் தன் கைபேசியை எடுத்துவந்தான். போன வருடம் மயில்சாமி வீட்டுக்கு அனுப்பிய குரல் செய்தி ஒன்று அதில் இருந்தது. பின்னணியில் பஸ் சத்தம். ‘பாக்கியம், பஸ் பழனி தாண்டிடுச்சு, உலை வை.’

உமையாள் முதல் சொல்லை மட்டும் வெட்டி எடுத்தார்.

பாக்கியம் இன்னும் அடுப்படியில்தான் இருந்தார். மயில்சாமி அழுத்தினார். மயில்சாமியின் குரல் கூப்பிட்டது.

“தோ வந்துட்டேன்” என்றார் பாக்கியம் உள்ளேயிருந்து. சொல்லிவிட்டு, கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் நின்று உமையாள் கோயம்புத்தூருக்குப் பேசினார்.

“திங்கட்கிழமை அச்சுல படம் எதுவும் வேண்டாங்க. வெறும் சட்டம் மட்டும் நாற்பது. சீட்டு செருகிக்கிற மாதிரி. பதிவு விசை மேலேயே இருக்கட்டும்.”

பட்டறைக்காரர் குழம்பினார். “அப்ப அதுல என்ன மேடம் இருக்கும்?”

“தெரியலை.”

“தெரியலைன்னா?”

“இன்னும் கேட்டு முடிக்கலை.”

வெள்ளிக்கிழமை பொள்ளாச்சி. ஒரு சிறப்புப் பள்ளி.

உமையாள் முதல் பெட்டியைச் சோதித்துப் பார்த்தது அங்கேதான். எட்டு மாதமாக மாதம் இரண்டு தடவை வருகிறார். எத்தனை நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள், எத்தனை தடவை தவறுகிறார்கள் என்று கடிகாரம் வைத்துக் குறித்துக்கொண்டு போவார். எல்லோரும் அவரை மெஷின் மேடம் என்பார்கள். பிள்ளைகள் யாரிடமும் அவர் தன் பெயரைச் சொன்னதில்லை.

அவர் அதிகமாகக் குறித்தது நஸ்ரினைப் பற்றி. பதினொரு வயது. பேச்சு கிடையாது. ஆமாம் என்றால் மேலே பார்ப்பாள். இல்லை என்றால் கண்ணை மூடுவாள்.

வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொரு பெட்டியை அவள் நாற்காலிப் பலகைமேல் வைத்தார் உமையாள். கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். கீழே உட்கார்ந்தார்.

“இதுல உனக்கு என்ன வைக்கட்டும்?”

நஸ்ரினின் அம்மா பக்கத்தில் இருந்தார். “அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும் மேடம். முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். அவ என்னத்தைப் பேசப் போறா, பாவம்.”

“கேட்டுப் பார்க்கிறேங்க.”

சாப்பாடு பற்றிக் கேட்டார். நஸ்ரின் கண்ணை மூடினாள். விளையாட்டு. மூடினாள். பாட்டு, டிவி, ஊஞ்சல். மூடினாள், மூடினாள், மூடினாள். ஒவ்வொன்றுக்கும் நேரம் ஆனது. அம்மா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏதாவது கேட்கணுமா?” என்றார் உமையாள்.

நஸ்ரின் மேலே பார்த்தாள்.

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்?”

மூடினாள்.

“எங்கே?”

மூடினாள்.

“எப்போ?”

மூடினாள்.

“என்ன?”

கொஞ்சம் யோசித்தாள். மூடினாள்.

எப்படி, எது, எத்தனை. எல்லாவற்றுக்கும் மூடினாள். உமையாளுக்கு ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

“யாரு?”

நஸ்ரின் மேலே பார்த்தாள். பார்வையை இறக்கவே இல்லை.

வகுப்பில் அவள் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். குரலைக் கொடுக்க அவள் ஓடி வந்தாள். நஸ்ரினிடம் காட்டிச் சரி கேட்டுக்கொண்டு பதிவு செய்தார்கள். உமையாள் ஸ்டிக்கரில் அந்தச் சொல்லை எழுதி ஒட்டினார். பெட்டியை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்திவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

நஸ்ரினின் கை புறப்பட்டது. வழியில் முறுக்கிக்கொண்டது. திரும்பிப் போனது. மறுபடியும் புறப்பட்டது. அம்மா உதவி செய்யக் கை நீட்டினார். உமையாள் வேண்டாம் என்று தலையசைத்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் குறிக்கவில்லை.

முட்டியும் உள்ளங்கையும் சேர்ந்து பொத்தான்மேல் விழுந்தன.

“யாரு?” என்றது பெட்டி.

நஸ்ரின் உமையாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் யாரோ வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து உமையாள் திரும்பிப் பார்த்தார்.

கதவு சாத்தியிருந்தது. பின்னால் யாரும் இல்லை. நஸ்ரினின் பார்வை இன்னும் உமையாள்மேலேயே இருந்தது.